சித்தப்பா வைத்த கலர்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டு டிவியில் பிக்சர் செட்டிங் என்று ஒரு இடம் இருக்கிறதே, அதற்குள் போய் எதையாவது மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நான் அந்தப் பக்கமே போவதில்லை. போன மாதம் மகள் வீட்டில், கல்யாண போட்டோக்களைக் காட்டுவதற்காக மருமகன் லேப்டாப்பை டிவியில் செருகினார். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டது. எல்லார் முகமும் மஞ்சள் பூசியது போல வந்தது. ரிமோட்டை அழுத்தி அழுத்தி, "இப்பச் சரியா இருக்குதுங்களா அத்தை? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் சரி என்றாள். சம்பந்தியம்மா இல்லை என்றார். நான் பேசாமல் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். எனக்கு அந்தக் கேள்வி ஆகாது. ஏன் ஆகாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். எனக்கே முழுசாகப் பிடிபடாத கதை அது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீடு சிங்காநல்லூரில், குளத்துக்குப் போகிற ரோட்டில் இருந்தது. முன்னால் வீடு, பின்னால் அப்பாவின் மோட்டார் பட்டறை. கருகிப்போன பம்புசெட் மோட்டார்களைப் பிரித்துப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். வார்னிஷ் வாசம் சாப்பிடுகிற இடம் வரைக்கும் வரும். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அங்கேயே கை பழகியவர். கம்பி சுற்றுவதில் தம்பியை மிஞ்ச ஆளில்லை என்று அப்பாவே சொல்வார். அதை நம்பித்தான் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள், கப்பல் கட்டுகிற இடத்தில் வயரிங் வேலைக்கு.

போனவர், ஒப்பந்தம் முடிவதற்கு வெகு முன்பே, எனக்கு முழுப்பரீட்சை முடிந்த சமயம் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் இளைத்திருந்தது.

"ஏன்டா, என்ன ஆச்சு?" என்றார் அப்பா.

"ஒத்து வரலீங்கண்ணா."

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியைத் திறக்கும்போது வீட்டில் எப்படி ஒரு கூட்டம் கூடும், உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு ஒரு சேலை, எனக்கு ஒரு பென்சில் டப்பா, அப்பாவுக்கு ஒரு டார்ச். அடியில், தெர்மாகோலுக்கு நடுவில், கறுப்பாக, தட்டையாக ஒரு சாமான். ரப்பர் பொத்தான்கள். தொட்டால் அழிரப்பர் போல மெத்தென்று அமுங்கின.

"டைப்ரைட்டராட்ட இருக்குது. பேப்பர் எங்க சொருகறது?" என்று கேட்டார் அப்பா.

"கம்ப்யூட்டருங்கண்ணா. பேப்பர் வேண்டாம். நம்ம டிவில போட்டா எழுத்து வரும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா டிவியைப் பார்த்தார். டிவி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மரப்பெட்டி, இழுத்து மூடுகிற கதவு, அதற்கு ஒரு பூட்டு. அந்த வீதியில் முதல் கலர் டிவி எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்க்க முன் அறை நிறைய ஆள் வருவார்கள். வந்தவர்களுக்கு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதில் ஒரு கம்பீரம் இருக்கும். சாவி அம்மாவின் இடுப்பில்தான்.

"நங்கையா, சித்த சாவி குடுங்க" என்று சித்தப்பா கையை நீட்டினார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா மனசில்லாமல் கொடுத்தார்.

அந்த டிவியில் சேனல் பொத்தான்களுக்குக் கீழே தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சின்ன அறை இருந்தது. திறந்தால் பல் பல்லாகச் சக்கரங்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சக்கரம். கம்ப்யூட்டரிலிருந்து வந்த வயரை ஆன்டெனா போகிற ஓட்டையில் செருகிவிட்டு, சித்தப்பா கடைசிச் சக்கரத்தை நகத்தால் உருட்ட ஆரம்பித்தார். திரை முழுக்கப் புள்ளி மழை. ஸ்ஸ் என்று இரைச்சல். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியருகே கையைக் கொண்டுபோனால் முடி சிலிர்த்து நிற்கும். சூடான தூசி வாசம் வரும். எவ்வளவு நேரம் உருட்டினாரோ, திடீரென்று இரைச்சல் அடங்கி, வெள்ளையாக ஒரு வரி வந்து நின்றது. வந்த வேகத்தில் மேலே ஏறி ஓடவும் தொடங்கியது.

"புடிச்சுப்போட்டேன் கண்ணு!" என்று கத்தினார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பின்பக்கம் கையை விட்டு எதையோ திருகி ஓட்டத்தை நிறுத்தினார். ஆனால் எழுத்துகளின் இடது ஓரம் கண்ணாடிக்கு வெளியே போய்விட்டது. என் பெயரை அடித்தால் முதல் எழுத்து இல்லாமல் வரும். டிவிக்குள் எங்கோ அந்த எழுத்து ஒளிந்திருக்கிறது என்று நினைத்து, தலையைச் சாய்த்து ஓரத்து இடுக்கில் பார்த்திருக்கிறேன். அப்புறம் சித்தப்பா ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ரெண்டு இடம் காலியாக விட்டு அடிக்கப் பழகிக்கொண்டார்.

இதுவரைக்கும் சந்தோஷம். குழப்பம் கலரில்தான் ஆரம்பித்தது.

பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர் என்று மூன்று குமிழ்கள். சித்தப்பா கலரை முழுசாக ஏற்றிவிடுவார். திரையில் சிவப்புக் கோடு போட்டால் அது கோடாக நிற்காது, ஓரமெல்லாம் கசிந்து பொங்கும். என் கண் கூசும். அவரோ மூக்கு டிவித் திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து, "கண்ணு, கறுப்பு மேல ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்பார்.

"செகப்பா ஒரு வட்டம் இருக்குதுங்க சித்தப்பா. பெருசா."

"இருக்குதா? செரி, செரி." இன்னும் கொஞ்சம் பிரைட்னஸ் ஏற்றுவார். "இப்பச் சரியா இருக்குதா? இப்ப?"

அவர் என்னை வைத்து விளையாடுகிறார் என்று ஒரு நாள் நினைப்பேன். எனக்குத்தான் கண்ணில் ஏதோ கோளாறு என்று மறுநாள் நினைப்பேன். அவ்வளவு பெரிய சிவப்பு வட்டத்தை ஒரு பெரிய மனுஷர் தேடுவாரா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா டிவியைப் போட்டார். கதாநாயகியின் முகம் தக்காளியாக இருந்தது. கன்னத்துச் சிவப்பு காது தாண்டி வழிந்து, பின்னால் இருந்த சுவரையும் பிடித்தது. "ஏனுங்கக்கா, டிவிக்கு அம்மை போட்டிருச்சுங்களா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்க, அறையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்துப் பாதிப் படம் போய்விட்டது.

மறுநாள் அம்மா ஒரு வேலை செய்தார். நல்ல படம் வந்த இடத்தில் மூன்று குமிழ்களையும் நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தார். குமிழ்கள் நல்ல கறுப்பு. புள்ளிகள் குன்றிமணி போல மின்னின.

"தம்பி, நீங்க என்ன வேணாப் பண்ணிக்குங்க. எந்திரிக்கும்போது இந்தப் புள்ளி மூணும் நேரா மேல பாக்கற மாதிரி வெச்சுப்போட்டுப் போங்க. அவ்வளவுதான்."

"எந்தப் புள்ளிங்க நங்கையா?"

"இதா, குமிழு மேல."

சித்தப்பா குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். "ஆமாங்க, தட்டுப்படுது" என்றார்.

தட்டுப்படுது! அம்மாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. நையாண்டி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சித்தப்பாவுக்குச் சோறு போடும்போது பாத்திரங்கள் சத்தமாக இறங்கின.

இதற்கிடையில் உக்கடத்திலிருந்து ஒருவர் வந்தார். சித்தப்பாவோடு சிங்கப்பூரில் ஒரே இடத்தில் வேலை செய்தவரின் அண்ணன் அவர். பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: "வயரை மாத்திக் குடுத்துப்போட்டாருங்களாம். ஒருக்கா இல்லீங்க, ரெண்டு மூணு தடவை. நல்லவேளை ஆளு சாகலை. நிதானத்துல இருந்திருந்தா அப்படி ஆகுங்களா?"

நிதானத்துல இல்லை என்றால் குடி என்று அர்த்தம். அப்பா அப்படித்தான் புரிந்துகொண்டார். அன்று சாயங்காலம் தம்பியைப் பட்டறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. "என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு. குடிப்பியா இல்லையா?" "இல்லீங்கண்ணா, சத்தியமா இல்லீங்கண்ணா." "பின்ன எப்படிடா மாத்திக் குடுத்தே?"

எனக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. பகலெல்லாம் அவர் என்னோடுதான் இருந்தார். அவரிடம் வந்த வாசமெல்லாம் ரப்பர் பொத்தான் வாசமும் சூடான பிளாஸ்டிக் வாசமும்தான். ஆனால் இல்லாத ஒன்றுக்கு அப்பா ஏன் இப்படிக் கத்த வேண்டும்?

கல்யாணம் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். சோமனூரில் ஒரு குடும்பம். பெண்ணின் அப்பா தறி போட்டுத் துண்டும் போர்வையும் நெய்பவர். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

சித்தப்பாவுக்குப் புது உற்சாகம் வந்தது. தறிக்காரர் என்று தெரிந்ததும், திரையில் துண்டு டிசைன் போட ஆரம்பித்தார். கட்டம், கரை, கோடு. தறியில் பாவு நூல் ஓட்டுவதற்கு முன்னாலேயே டிவியில் பார்த்துவிடலாம், பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாம் என்று சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரில் எண் பொத்தான்களுக்கு மேலே ஒவ்வொரு நிறத்தின் பெயரும் அச்சடித்திருக்கும்.

"ரெண்டுன்னா செகப்பு, நாலுன்னா பச்சை. அல்லாத்துக்கும் நெம்பர் இருக்குது கண்ணு. நெம்பரு மட்டும் நம்மளை ஏமாத்தாது."

சோமனூர்க்காரர்கள் ஒறம்பரையாக வந்த அன்று வீடே சந்தகைக்குத் தேங்காய்ப்பால் பிழிந்த வாசமாக இருந்தது. பெண்ணின் அப்பா வாட்டசாட்டமான மனுஷர். தோளில் அவர் தறியிலேயே நெய்த கரும்பச்சைத் துண்டு. பெண்ணின் அம்மா அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கவனித்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட்ட பிறகு சித்தப்பா டிவியைத் திறந்தார். ஒவ்வொரு எண்ணாக அழுத்த அழுத்தக் கட்டங்கள் வந்து விழுந்தன. பெண்ணின் அப்பா சேரை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அட, இது நல்லா இருக்குதுங்களே! அந்தக் கரையைப் பெருசு பண்ணுங்க மாப்பிள்ளை... அப்படித்தான்." மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுவிட்டார். அப்பாவின் முகத்தில் வெகுநாளைக்கு அப்புறம் வெளிச்சம்.

"கலருதான் ரொம்பப் பொங்குது. சித்தக் கொறைங்க" என்றார் அவர். சித்தப்பா குமிழைத் திருகினார். "இப்பச் சரியா இருக்குதுங்களா? இப்ப?"

"இருங்க, இப்படிப் பண்ணலாம்." பெண்ணின் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து டிவிப் பெட்டி மேல் விரித்துத் தொங்கவிட்டார். "இந்தக் கலரை டிவில கொண்டாங்க. ரெண்டும் ஒண்ணா வந்துதுன்னா உங்க டிவி சரியா இருக்குதுன்னு அர்த்தம்."

சித்தப்பா துண்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரெண்டை அழுத்தினார்.

திரை முழுக்க ரத்தச் சிவப்பு. அதன் மேல் பச்சைத் துண்டு.

சித்தப்பா, "கொஞ்சம் கூட இருக்குதோ?" என்று கேட்டுக்கொண்டே கலர் குமிழைப் பிடித்தார்.

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "என்னுங்க மாப்பிள்ளை, கிண்டலுங்களா? நானும் உங்களுக்கு ஒரு தமாசாப் போயிட்டனா?"

"இல்லீங்க மாமா, நான்..."

அப்போதுதான் பெண்ணின் அம்மா வாய் திறந்தார். மெதுவாக, சாதாரணமாகக் கேட்டார். "தம்பி, மொளகாய்ச் செடியில பழம் எது, காய் எதுன்னு தள்ளி நின்னு பாத்தா உங்களுக்குத் தெரியுங்களா?"

சித்தப்பா அவரையே பார்த்தார். "கையில எடுத்துப் பாத்தா ஒரு மாதிரி தெரியுமுங்க."

"எங்கண்ணனுக்கும் இப்படித்தானுங்க. செகப்பும் பச்சையும் பிரியாது. கண்ணு மத்ததுக்கெல்லாம் நல்லா இருக்கும், இது மட்டும் பொறந்ததுலிருந்தே அப்படி." கணவரிடம் திரும்பினார். "கிண்டலு இல்லீங்க. தம்பிக்குத் தெரியலை."

என் தலைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் சுழன்றது. சிவப்பு வட்டம். அம்மா வைத்த புள்ளி. மாற்றிக் கொடுத்த வயர். எனக்கே இவ்வளவு புரிந்தால் அப்பாவுக்குப் புரியாதா? இப்போது அப்பா தம்பியின் தோளில் கை போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

அப்பா சொன்னார்: "அதெல்லாம் இல்லீங்க. எங்க குடும்பத்துல கண்ணுக் கோளாறு ஆருக்கும் கெடையாது. வந்த எடத்துல உங்ககிட்ட மறைக்க வேண்டாம். அவன் காத்தாலயே கொஞ்சம் போட்டுட்டு வந்துட்டான். அந்தப் பழக்கம் ஒண்ணு இருக்குதுங்க."

"இல்லீங்கப்பா, சித்தப்பா என்ற கூடத்தான்..." என்று நான் ஆரம்பித்தேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

சித்தப்பா மறுத்துச் சொல்வார் என்று பார்த்தேன். அன்று பட்டறைக்குள் சத்தியம் செய்தவர், இப்போது வாயே திறக்கவில்லை. திரையையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி சிலை மாதிரி நின்றார்.

அவர்கள் கிளம்பினார்கள். வழியனுப்ப அம்மா வாசல்வரை போனார். அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். பெண்ணின் அப்பா முன்னால் நடந்துவிட்டார். பெண்ணின் அம்மா நின்று, என் அம்மாவின் கையைப் பிடித்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க. கண்ணுன்னா எனக்கு ஒண்ணுமில்லீங்க, எங்கண்ணன் நல்லாத்தான் பொழைக்கிறாரு. பொண்ணைக் குடுத்திருப்பேன். குடின்னு சொல்லிப்போட்டாங்களே, அதான் பயமா இருக்குது."

அம்மாவின் உதடு அசைந்தது. ஆனால் புருஷன் நாலு பேர் முன்னால் சொன்னதை அந்தக் காலத்துப் பெண் எப்படி இல்லை என்பாள்? தலையை மட்டும் ஆட்டினார்.

அவர்கள் போன பிறகு சமையல்கட்டில் அம்மா அழுதுகொண்டே கேட்டார், "வாய் கூசலீங்களா உங்களுக்கு?" அப்பா குரலை இறக்கிச் சொன்னது என் காதில் விழுந்தது. "குடின்னா அவனோட போயிரும். கண்ணுன்னா ரத்தம்னு சொல்லுவாங்க. நாளைக்கு இந்தப் புள்ளையக் கேட்டு ஆரு வருவாங்க நம்மூட்டுக்கு?" இந்தப் புள்ளை என்றது என்னை. நான் கதவு மறைவில் நின்று, என் கண்ணில் ரத்தம் இருக்கிறதா என்று அலமாரிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் கோடை முடிவதற்குள் சித்தப்பா சத்தியமங்கலத்துக்குப் போய்விட்டார். முதலில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்தார். ஊரில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று போர்டு தொங்க ஆரம்பித்தபோது அவரே ஒன்று நடத்தினார். அந்தக் காலத்து மானிட்டரில் ஒரே நிறம்தானே, அவருக்கு வசதியாக இருந்தது. அந்த ரப்பர் பொத்தான் கம்ப்யூட்டர் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வரன் பார்க்கட்டுமா என்று யார் கேட்டாலும், வேண்டாம் என்பார். அண்ணனும் தம்பியும் கல்யாணம் காட்சியில் பார்த்தால் பேசிக்கொள்வார்கள். ஆனால் அப்பா பேசும்போது தம்பியின் முகத்தைப் பார்க்க மாட்டார், பக்கத்துச் சுவரைப் பார்ப்பார். எனக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, அவளும் வளர்ந்தாள். அப்பா கடைசிவரை அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேர்ந்தார்.

அப்பா தவறிய வருஷம் நான் சத்திக்குப் போய்ச் சித்தப்பாவைப் பார்த்தேன். ஆற்றங்கரைக்குப் போகிற வழியில் சின்ன வீடு. அவரே காப்பி போட்டுக் கொடுத்தார். எத்தனையோ வருஷமாக மனசில் கிடந்ததைக் கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு அப்பா அப்படிச் சொன்னப்ப நீங்க ஏனுங்க சித்தப்பா, நான் குடிக்கலைன்னு சொல்லாம நின்னீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சொன்னாரு?"

"நீங்க குடிச்சுப்போட்டு வந்ததா..."

"அப்படியா சொன்னாரு?" அவர் முகத்தில் நடிப்பு இல்லை. "எனக்குக் காதுல எதுவுமே விழலை கண்ணு. அந்தம்மா மொளகாய்ச் செடின்னு கேட்டாங்களா, அதோட நான் அந்த ரூம்புலயே இல்லை. அதுவரைக்கும் எனக்குப் புத்தி மட்டுன்னு நெனச்சிட்டிருந்தேன். வயரு மாத்துனது, பள்ளிக்கூடத்துல இலைக்குப் பழுப்புக் கலர் அடிச்சு வாத்தியார்ட்ட அடி வாங்குனது, எல்லாத்துக்கும் காரணம் புத்தி இல்லை, கண்ணுதான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அழுகறதா சிரிக்கறதான்னு தெரியாம நின்னேன். பொறகு பாத்தா அவங்க போயிட்டாங்க. கண்ணு இப்படின்னு தெரிஞ்சா ஆரு பொண்ணு குடுப்பாங்க, அது ஞாயந்தானே? அதனாலதான் அதுக்கப்பறம் வேற எடம் பாக்கவே வேண்டான்னு சொல்லிப்போட்டேன்."

அப்பா ஒன்றை நினைத்துக்கொண்டு இத்தனை காலம் சுவரைப் பார்த்தார். அம்மா ஒன்றை நினைத்து அழுதார். நான் ஒன்றை நினைத்து வளர்ந்தேன். இவரோ எங்களில் யாரும் நினைக்காத ஒன்றை நம்பித் தனியாகவே வாழ்ந்து முடித்திருக்கிறார். சொல்வது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தும் சொன்னேன். வாசலில் அந்தம்மா அம்மாவின் கையைப் பிடித்தது, கண்ணுன்னா ஒண்ணுமில்லை, பொண்ணைக் குடுத்திருப்பேன் என்றது, எல்லாவற்றையும்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆற்றுப் பக்கமிருந்து துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கண்ணுன்னு தெரிஞ்சும் குடுத்திருப்பேன்னா சொன்னாங்க?"

"ஆமாங்க சித்தப்பா."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. துக்கமா சந்தோஷமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றார்.

சொன்னேன்.